‘ழை’ எங்கே தொடங்குகிறது: ஆன்சி அனிமேஷன் விழாவில் ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு

ஜெனீவா விமான நிலையத்தில் ஏறிய பேருந்து சுவிட்சர்லாந்தின் எல்லையைத் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. கண் விழித்தபோது ஆன்சி வந்துவிட்டிருந்தது. பிரான்சின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைகளின் மடியில், ஓர் ஏரியின் முனையில் அமர்ந்திருக்கும் ஊர் இது. ஏரியிலிருந்து வெளியேறும் தியூ என்ற சிற்றாறு பழைய நகரத்தின் வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. அதன் நடுவில் கப்பலின் முன்முனையைப் போல் ஒரு கல் மாளிகை நிற்கிறது. ஒரு காலத்தில் அது சிறையாக இருந்தது. இன்று அதன் எதிரே உள்ள பாலத்தில், கழுத்தில் விழா அட்டையைத் தொங்கவிட்டவர்கள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அனிமேஷனுக்கென்றே ஒரு விழா 1960இல் இந்த ஊரில் தொடங்கியது. உலக அனிமேஷன் கலைஞர்களின் சங்கமான அசிஃபாவும் அதே ஆண்டில் இங்கேதான் பிறந்தது. நெடுங்காலம் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த விழா 1998 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடக்கிறது. இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் வந்தேன் என்றாலும், நான் வந்த காரணம் வேறு. அதைச் சொல்லிவிட்டால்தான் இனி வரும் நாள்களின் குறிப்புகள் புரியும்.

நான் மோஷன் டிசைன், அதாவது எழுத்துகளையும் வடிவங்களையும் திரையில் நகரவைக்கும் வேலை செய்பவன். ஓர் ஆவணப்படத்தின் தொடக்கத்தில் ‘மழை’ என்ற சொல் யாரோ எழுதுவதைப் போலத் திரையில் உருவாக வேண்டும். வேலை அவ்வளவுதான். மூன்று மாதத்தில் மூன்று வடிவங்கள் செய்து கொடுத்தும் இயக்குநருக்கு நிறைவு வரவில்லை. எல்லாம் நகர்கிறது, ஆனால் எதற்கும் உயிர் இல்லை என்றார். கோபம் வந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

முதல் வடிவத்தில் ஒரு பிழை இருந்தது. நாம் ‘ழை’ என்று எழுதும்போது கை முதலில் சங்கிலிக் கொம்பைப் போடுகிறது, பிறகுதான் ழகரம் வருகிறது. கணினியின் கோப்பில் வரிசை தலைகீழ்: முதலில் ழகரம், அதன் பின் ஐகாரக் குறி. ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி செய்த என் அனிமேஷனில் ‘ழ’ முதலில் வந்து உட்கார, அதன் பின் கொம்பு இடப்பக்கத்தில் திடீரென முளைத்து அதைத் தள்ளிவிட்டது. தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது ஒன்றும் தெரியாது. தெரிந்தவருக்கோ, கால்சட்டையின் மேல் கோவணம் கட்டியவரைப் பார்ப்பது போல் இருக்கும். இரண்டாம் வடிவத்தில் கோடுகளைப் பிரித்து வரிசையைச் சரிசெய்தேன். மூன்றாவதில் மை கசிவதைப் போன்ற அலங்காரங்களைச் சேர்த்தேன். உயிர் மட்டும் வரவில்லை. அதைத் தேடித்தான் இந்த ஏரிக்கரைக்கு வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், திங்கள்

விழாவின் நடுவிடம் போன்லியூ என்ற கலை மையம். ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரக்கூடிய அதன் பெரிய அரங்கில் இன்று காலை முதல் குறும்படத் தொகுப்பைப் பார்த்தேன். படம் தொடங்கும் முன்பே நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

கதவுகள் திறந்ததும் வந்தவர்கள் இருக்கையைத் தேடுவதற்கு முன்பாகவே காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்கள். மேல் வரிசைகளிலிருந்து நூற்றுக்கணக்கான காகித விமானங்கள் மேடையை நோக்கிப் பறந்தன. பெரும்பாலானவை நடுவழியில் யாரோ ஒருவரின் தலையில் இறங்கின. எப்போதாவது ஒன்று மிதந்து மிதந்து மேடையை எட்டும்போது, அரங்கம் முழுவதும் கோல் போட்டவரைக் கொண்டாடுவதைப் போல் கைதட்டியது. விளக்கு அணைந்ததும் இருட்டில் எல்லோரும் மீன் வாய் திறப்பதைப் போல் ‘ப்ளுக் ப்ளுக்’ என்று ஒலி எழுப்பினார்கள். பிறகு திரையில் எங்காவது ஒரு முயல் தலைகாட்டினால் உடனே ‘லப்பேன்’ என்று கூவுகிறார்கள். பிரெஞ்சில் முயலுக்கு அதுதான் பெயர். நரைத்த தலை தயாரிப்பாளர் ஒருவரும் பதினெட்டு வயது மாணவரும் ஒரே குரலில் முயலைக் கூவி அழைப்பதைக் கேட்டபோது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதை இழக்கக் கூடாது என்று நினைக்கிறார்களோ அது கொஞ்சம் புரிந்தது.

எனக்குக் காகித விமானங்கள் வேறு ஒன்றையும் சொல்லிக் கொடுத்தன. ஒரே தாளில், ஒரே மடிப்பில் செய்தவைபோல் தோன்றிய இரண்டு விமானங்கள் ஒன்றுபோல் பறக்கவில்லை. ஒன்று விழுவதற்கு முன் அரைக் கணம் காற்றில் நின்று யோசித்தது. அந்தத் தயக்கத்தில்தான் ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நேராக வந்து விழுந்த விமானங்களை ஒருவரும் கவனிக்கவே இல்லை.

படங்களுக்கு முன்னால், பாரிஸிலுள்ள கோப்லான் பள்ளியின் மாணவர்கள் விழாவுக்காகச் செய்த சிறு முன்படம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு நிமிடம் அளவுக்கு ஓடும் இத்தகைய படங்களை அந்தப் பள்ளி மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் செய்து தருகிறார்கள். மாணவர் வேலை என்று சலுகை தந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது இருந்தது. பொறாமை என்ற நல்ல உணர்வோடு நாளைத் தொடங்கினேன்.

தொகுப்பில் ஏழு குறும்படங்கள். அவற்றில் ஒன்று கண்ணாடிமேல் பரப்பிய மணலில் செய்தது. கீழிருந்து விளக்கு எரிய, மேலிருக்கும் கேமரா ஒவ்வொரு நிலையாகப் பிடிக்கும். அடுத்த நிலைக்கு மணலைத் தள்ளும்போது முந்தைய நிலை அழிந்துவிடும். பின்னால் போய்த் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. என் கணினியிலோ கோப்பின் முப்பத்தேழு பழைய பதிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. திரும்பிப் போக எப்போதும் ஒரு வழி திறந்திருப்பதால்தான் நான் எந்தக் கோட்டையும் தீர்மானமாகப் போடவில்லையோ என்ற ஐயம் இரவு முழுவதும் அரித்தது.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று என் சொந்தப் பேட்டைக்குப் போனேன். இந்த விழாவில் விளம்பரம், இசைக் காணொளி, விளக்கப்படம் போன்று ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படங்களுக்குத் தனிப் போட்டிப் பிரிவு உண்டு. அதற்கும் கிரிஸ்டல் விருது கொடுக்கிறார்கள். மோஷன் டிசைனர்கள் இங்கே விருந்தாளிகள் அல்லர், வீட்டுக்காரர்கள்தான் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. நன்றாக இருந்தவை மிக நன்றாக இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரே கையால் செய்ததைப் போல் இருந்தன. வட்டம் துள்ளி வருகிறது, சதுரமாக விரிகிறது, மெல்லத் தொடங்கி நடுவில் வேகமெடுத்து மெல்ல நிற்கிறது. அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் புழங்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில், நகர்வின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து எஃப்9 பொத்தானை அழுத்தினால் போதும், எந்த நகர்வும் வெண்ணெயில் வழுக்குவதைப் போல் ஆகிவிடும். மழைத்துளி, பேருந்து, வங்கியின் சின்னம், அழும் குழந்தை ஆகிய நான்கும் ஒரே வளைகோட்டில் நகரத் தொடங்கியது அந்தப் பொத்தானால்தான். என் மூன்றாம் வடிவத்தில் அதை எத்தனை முறை அழுத்தினேன் என்று எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

ஊதியத்துக்குச் செய்த வேலையில் உயிர் இருக்காது என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. 1934இல் ஜெர்மனியில் ஆஸ்கர் ஃபிஷிங்கர் சிகரெட்டுகளைப் படை வீரர்களைப் போல் அணிவகுத்து நடக்கவைத்தது ஒரு விளம்பரத்துக்காகத்தான். நியூசிலாந்தில் பிறந்த லென் லை 1935இல் கேமராவே இல்லாமல் படச்சுருளின் மீது நேரடியாக வண்ணம் தீட்டி, கோடுகளையும் புள்ளிகளையும் இசைக்கு ஆடவிட்டார். அனிமேஷன் வரலாறு பேசுபவர்கள் தவறாமல் சொல்லும் அந்தப் படம், பிரிட்டனின் அஞ்சல் துறை தன் பார்சல் கட்டணத்தை விளம்பரப்படுத்த வெளியிட்ட படம். முழுக்க நடனம், கட்டணச் செய்தி வருவது இறுதிப் பகுதியில். எங்கள் தொழிலின் பெயரைப் பரப்பியவர்களில் ஒருவரான ஜான் விட்னி 1960இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே மோஷன் கிராஃபிக்ஸ் என்ற சொல் இருந்தது. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் வேலை செய்துகொண்டே அவர் கணினிக் கலைக்கு வழி திறந்தார். ஆகவே, பழியை வாடிக்கையாளர் மேல் போட்டுவிட்டுப் படுக்க என்னால் முடியவில்லை.

நான்காம் நாள், புதன்

மிஃபா எனப்படும் சந்தைக்குப் போனேன். 1985 முதல் விழாவோடு சேர்ந்து நடக்கிறது. ஏரிக்கரையில் உள்ள இம்பீரியல் பேலஸ் என்ற பெரிய விடுதி அதன் இருப்பிடம். அரங்குகள், கைகுலுக்கல்கள், பதினைந்து நிமிடச் சந்திப்புகள், அட்டைப் பரிமாற்றம். தொடர்களை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் அது தேவையான இடம்தான். ஒரு சொல்லை எழுதவைக்கத் தெரியாமல் வந்தவருக்கு அங்கே வேலை இல்லை. மூன்று மணி நேரத்தில் கால் வலியோடு திரும்பினேன்.

இரவு பாக்கியே என்ற ஏரிக்கரைப் புல்வெளியில் திறந்தவெளித் திரையில் படம் போட்டார்கள். ஜூன் மாதத்தில் இங்கே வெளிச்சம் ஒன்பதரை மணி வரை போவதில்லை என்பதால், பத்து மணிக்குப் பிறகே படம் தொடங்கியது. பாதியில் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள், வியாழன்

முடியாத படங்களை இயக்குநர்களே கொண்டுவந்து காட்டும் அமர்வுகள் இந்த விழாவில் புகழ்பெற்றவை. இன்று அப்படிப்பட்ட ஒன்றில் இடம் கிடைத்தது. முன்பதிவு செய்யத் தவறியதால் கடைசி நிமிட வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, அரங்கில் காலியான இருக்கைகளை எண்ணி உள்ளே விட்டபோது நான் கடைசியிலிருந்து மூன்றாவது ஆள்.

மேடையில் இருந்த இயக்குநர் முதலில் காட்சிகளை வரிசையாக வரைந்துவைத்த ஸ்டோரிபோர்டைக் காட்டினார், பிறகு அதே காட்சியின் அனிமேட்டிக்கை ஓட்டினார். அதாவது, முரட்டுப் பென்சில் படங்களைக் குரலோடும் நேரக் கணக்கோடும் அடுக்கிப் பார்க்கும் நிலை. ஒரு கிழவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, செருப்பைப் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிக்கும் காட்சி. அதில் மொத்தமே ஐந்து படங்கள். நிறம் இல்லை, பின்னணி இல்லை, முகத்தில் மூக்குக்கு ஒரு கோடு மட்டும். ஆனாலும் அரங்கம் நிசப்தமாக இருந்தது. கிழவியின் கால் செருப்பை நோக்கி நீண்டு, தொடாமல் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். ஒரே படம் இரண்டு நொடி வரை அப்படியே திரையில் இருந்தது. பிறகு கால் பின்வாங்கியது.

கேள்வி நேரத்தில் ஒருவர் அந்த இரண்டு நொடியை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். அதை எந்த வரைபடமும் பார்த்து வைக்கவில்லை, நானே கட்டிலில் உட்கார்ந்து பலமுறை நடித்து, நிறுத்து கடிகாரத்தால் அளந்து வைத்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கேட்டவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தார் போலும், சற்று ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். எனக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 நிலைச் சட்டங்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் பாலபாடம். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து, நொடிக்குப் பன்னிரண்டு படங்களில் முடிக்கிறார்கள். அதை நான் இதுவரை ஒரு சிக்கன ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்ன இருக்கிறது என்பதைவிட, இரண்டு ஃப்ரேமுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்பது கனடாவில் வேலை செய்த நார்மன் மெக்லாரனின் கருத்து. கல்லூரியில் அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். சுவரில் ஒட்டியது சுவரோடு போயிற்று. நகராத ஒரு காலைப் பார்த்துத்தான் அது இன்று எனக்குள் வந்து சேர்ந்தது. என் ‘மழை’யில் எங்கும் நிறுத்தம் இல்லை. முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கிறது, இயக்குநர் வேலை நடக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்ததைப் போல.

ஆறாம் நாள், வெள்ளி

மீண்டும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற மாணவி உள்ளங்கை அளவுள்ள ஓர் ஓவியப் புத்தகத்தில் வரிசையில் நிற்பவர்களை வரைந்துகொண்டிருந்தாள். முழு உருவம் எதையும் வரையவில்லை. ஒருவர் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வரைந்து, ஓரத்தைக் கட்டைவிரலால் புரட்டிக் காட்டினாள். நான் எதில் வேலை செய்கிறேன் என்று கேட்டாள். என் தடங்கலைச் சொன்னேன். எழுதிக் காட்டச் சொல்லிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

‘மழை’ என்று எழுதினேன். இன்னொரு முறை எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை என்பது மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினான்கு சிறு பக்கங்களில் ஒரு பேனாவையும் மூன்று விரல்களையும் வரைந்தாள். எழுத்து எங்கும் இல்லை. புரட்டியபோது விரல்கள் மகரத்தை முடித்து எழும்பின. தாளைத் தொடாமல் ஒரு கணம் நின்று, கொம்பின் இரண்டு சுழிகளையும் அவசரமாகச் சுழித்தன. பிறகு மீண்டும் எழும்பி, முன்னைவிட அதிக நேரம் காற்றில் நின்றன. அதன் பின்னரே ழகரத்துக்குள் இறங்கின. அடியில் வளையும் வாலில் வேகம் குறைந்து, விரல்கள் தாளை விட மனமில்லாமல் விலகின.

முப்பது வருடமாக எழுதிவரும் என் கைக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. கொம்பைப் போட்டுவிட்டு, அது எந்த எழுத்துக்கு உரியது என்று கை ஒரு முறை நினைத்துப் பார்க்கிறது போலும். தமிழ் எழுதும் எல்லோருடைய கையும் அங்கே நிற்குமா என்று தெரியவில்லை. என் கை நிற்கிறது. வரிசையைச் சரிசெய்த இரண்டாம் வடிவத்தில் கோடுகளின் இடத்தைத்தான் சரிசெய்தேன், கோடுகளுக்கு நடுவில் கை காற்றில் இருந்த நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாதவள் என்பதாலேயே அவளால் அதைப் பார்க்க முடிந்திருக்க வேண்டும். நான் எப்போதும் சொல்லை வாசித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை விலைக்குத் தருவாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அந்தப் பதினான்கு பக்கங்களையும் கிழித்துக் கொடுத்தாள். வரிசையில் நாங்கள் இருவரும் நின்ற காட்சிக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள், சனி

மாலையில் போன்லியூவில் விருது வழங்கும் விழா. எனக்கு அழைப்பு இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது சந்தேகம். காலையிலேயே எழுதுபொருள் கடையில் ஒரு தாள் கட்டும் மென்மையான பென்சிலும் வாங்கிக்கொண்டு பாக்கியே புல்வெளிக்குப் போய்விட்டேன். கீழிருந்து ஒளி தந்து அடித்தாளைக் காட்டும் லைட்பாக்ஸ் கையில் இல்லாததால், முந்தைய தாளைக் கீழே வைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அடுத்ததை வரைந்தேன். கழுத்து வலித்தது. கணினியில் முந்தைய படத்தை மங்கலாக அடியில் காட்டும் ஆனியன் ஸ்கின் என்ற வசதியைக் கண்டுபிடித்தவரை மனதார வாழ்த்தினேன்.

கணக்கு இதுதான். மொத்தம் மூன்று நொடி, அதாவது 72 ஃப்ரேம். இருபத்துநான்கு படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரேமுக்கு, ஆக 48. மீதமுள்ள 24 ஃப்ரேமில் எதுவும் நகராது: மகரத்துக்கும் கொம்புக்கும் இடையே 8, கொம்புக்கும் ழகரத்துக்கும் இடையே 16. மூன்றில் ஒரு பங்கு நேரம் திரையில் ஒன்றும் நடக்காத ஒரு வேலைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். தூரத்தில் மலை முகடுகளில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் தாள்களைப் புல்லின் மேல் அடுக்கி, கைபேசியை முதுகுப்பையின் மேல் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது ஏரியிலிருந்து காற்று எழும்பியது. தாள்கள் சிதறின. துரத்திப் பிடித்தவற்றில் 21ஆம் எண் மட்டும் இல்லை. ழகரத்தின் வால் வளையத் தொடங்கும் படம் அது. திங்கள் கிழமை அரங்கில் பறந்த விமானங்களைப் போல் அதுவும் எங்கோ ஒரு தலைமேல் இறங்கியிருக்கும். 20ஆம் படத்தைக் கூடுதலாக இரண்டு ஃப்ரேம் நீட்டி இடைவெளியை அடைத்து ஓட்டிப் பார்த்தேன்.

கோடு நடுங்குகிறது. தாளின் மடிப்புகள் தெரிகின்றன. பதினோராம் படத்தில் என் கட்டைவிரலின் நிழல் விழுந்திருக்கிறது. கொம்பைப் போட்டுவிட்டுக் கோடு நிற்கும் இடத்தில், அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்கே ஓர் எதிர்பார்ப்பு உண்டானது. எழுதியவனும் நான், வாசிப்பவனும் நான் என்றபோதிலும். வால் வளையும் இடத்தில் மட்டும் ஒரு சிறு குதிப்பு இருக்கிறது. பிழைதான்.

நாளைக் காலைப் பேருந்துக்கு முன் 21ஐ மறுபடி வரைய நேரம் இருக்கிறது. இதை எழுதும் இந்த இரவு பதினொரு மணி வரை வரையவில்லை. இருபத்துமூன்று தாள்களும் மாணவி கொடுத்த பதினான்கு பக்கங்களும் ஒரே உறையில் இருக்கின்றன.